எண்ணூர் முகத்துவாரத்தைக் காப்பகமாக்குவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நெட்டுக்குப்பம், ஆறும் கடலும் கூடுமிடத்தில் இருக்கிற மீனவர் ஊர். கிழக்கே வங்கக் கடல், வடக்கே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம். அக்கரையில் காமராசர் துறைமுகமும் வடசென்னை அனல்மின் நிலையமும் நிற்கின்றன. தெற்கே ராயபுரம் வரை கிடங்குகளும் தொழிற்சாலைகளும் கன்டெய்னர் லாரிகளும் கல் கொட்டிய கரையும்தான். பிரிட்டிஷ் காலத்தில் சென்னையில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் ஓய்வெடுக்க வந்துபோன இடம் இந்த எண்ணூர் என்பதை இன்று சொன்னால் நம்புவது கடினம். ஆனாலும் ஓதம் ஏறும்போது முகத்துவாரத்துக்கு உள்ளே இருக்கும் இந்தக் கழிக்குள் இன்னும் மடவை வருகிறது, கொடுவா வருகிறது, இறால் வருகிறது. குளிர்காலத்தில் பூநாரையும் உள்ளானும் வருகின்றன.

இப்படி நெருக்கியடித்த கரையில் ஒரு பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியை உருவாக்க முடியுமா? முடியும். மும்பை செய்திருக்கிறது, கொழும்பு செய்திருக்கிறது, நம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் பாதி வழி வந்திருக்கிறது. ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கழியில் வலை வீசுபவரின் உரிமையை முதல் பக்கத்திலேயே எழுதாத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் இங்கே நிலைக்காது, நிலைக்கவும் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த எண்ணத்திலிருந்துதான் புறப்படுகிறது. நீங்கள் கல்லூரி மாணவராக இருக்கலாம், குப்பத்து இளைஞராக இருக்கலாம், பறவை பார்க்க வருகிறவராகவும் இருக்கலாம். சட்டமோ சூழலியலோ படித்திருக்க வேண்டியதில்லை.

## படி 1: கழியை நேரில் படியுங்கள்

காகிதத்தைத் தொடுவதற்கு முன்பு தண்ணீரைப் பாருங்கள். கழி ஒரு குளம்போல எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏறி இறங்கும். அந்த ஒரு மீட்டருக்குள்தான் சேற்றுத் திட்டும் அலையாத்தியும் உமரிப் பூண்டும் மட்டியும் வாழ்கின்றன. வற்றத்தில் வெறும் சேறாகத் தெரிவதை ஏற்றத்தில் பார்த்தால் அது மீன்குஞ்சு வளரும் இடம். ஒரே இடத்தை இரண்டு வேளையிலும், கோடையிலும் ஐப்பசி மழைக்குப் பிறகும் படமெடுத்து வையுங்கள். படத்தில் நாளும் நேரமும் இருக்கட்டும். "இது தரிசு நிலம்" என்று யாராவது கோப்பில் எழுதும்போது அந்தப் படங்கள் பதில் சொல்லும்.

ஊர்ப் பெரியவர் ஒருவரோடு படகில் ஏறி முகத்துவாரத்திலிருந்து மேலே போங்கள். பக்கிங்காம் கால்வாய் எங்கே சேர்கிறது, மின் நிலையத்தின் சுடுதண்ணீர் எங்கே விழுகிறது, சாம்பல் எங்கே படிந்து கிடக்கிறது, முன்பு ஆழமாக இருந்து இப்போது இடுப்பளவான இடம் எது என்று கேளுங்கள். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால்தான் ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்தது. அதே போல எண்ணூரில் துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்கிறது, முகத்துவாரம் தூர்கிறது. முகத்துவாரம் அடைபட்டால் உள்ளே இருக்கும் கழி முழுவதும் மூச்சுத் திணறும். மணலின் இந்த ஓட்டம் புரியாமல் எல்லை போட்டால் போட்ட எல்லை வீணாகிவிடும்.

## படி 2: வரைபடத்தைக் கையில் வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எண்ணூரின் கதை பெரும்பாலும் வரைபடங்களின் கதை.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-ல் வந்தது. அதன்படி தமிழ்நாடு தயாரித்த கடற்கரை மேலாண்மைத் திட்டத்துக்கு 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அந்த வரைபடத்தில் எண்ணூர்க் கழி ஏறத்தாழ 6,500 ஏக்கர் பரப்பில், கட்டுமானத்துக்கு இடமில்லாத முதல் வகை மண்டலமாக இருந்தது. பின்னர் அலுவலகங்களில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழியே காணாமல் போயிருந்தது. ஒப்புதல் பெற்ற வரைபடம் 1996-ஐச் சேர்ந்ததுதான் என்பது 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விகளால் வெளியே வந்தது. தண்ணீர் அங்கேயே இருந்தது, மீன் அங்கேயே இருந்தது, தாளில் மட்டும் இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் கழியின் பெரும் பகுதி மண் கொட்டி மூடப்பட்டது. 2017 ஜனவரியில் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய "சென்னை புறம்போக்குப் பாடல்" இந்தக் கழியில்தான் படமாக்கப்பட்டது. நகரத்தின் பெரும்பகுதி எண்ணூரைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான் என்று சொல்வேன்.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியவை இவை: 1996 திட்டத்தின் எண்ணூர்ப் பகுதித் தாள்கள், பின்னர் வந்த 2011 அறிவிக்கையின்படி தயாரான வரைபடம், 2019 அறிவிக்கைக்கான வரைபடம், வருவாய்த் துறையின் கிராம வரைபடமும் 'அ' பதிவேடும், பழைய நிலவரைத் தாள்கள். மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம், சுற்றுச்சூழல் துறை, வட்டாட்சியர் அலுவலகம் மூன்றுக்கும் தனித்தனியாகத் தகவல் உரிமை மனு போடுங்கள். மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள். "ஏன்" என்று கேட்டால் நழுவுவார்கள். "இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள தாளின் சான்றிட்ட நகல்" என்று கேட்டால் நழுவ முடியாது.

கையில் கிடைத்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இலவசக் கணினி மென்பொருள்கள் உள்ளன, பொறியியல் மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார். உயர் ஓதக் கோடு எங்கே விழுகிறது, அலையாத்தி இருக்கும் திட்டு முதல் வகையில் வருகிறதா, அலையாத்தி 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி விட வேண்டிய 50 மீட்டர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். முக்கியமாக, ஒவ்வொரு துண்டுக்கும் சர்வே எண்ணை எழுதுங்கள். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 1,247.54 ஹெக்டேர் என்று துல்லியமாகவே அறிவித்தார்கள். இருந்தும் 2025-ல் அந்த எல்லைக்குள் அடுக்குமாடிக் கட்டுமானத்துக்கு அனுமதி தரப்பட்டது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அறிவிப்பில் இருக்கும் எல்லை சர்வே எண்ணாக இறங்காதவரை திட்ட அனுமதி தரும் அதிகாரியின் மேசையில் அதற்கு உயிரில்லை.

## படி 3: நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது?

இங்கே ஒரே உரிமையாளர் இல்லை. ஆற்றுப் படுகை நீர்வளத் துறையிடம், புறம்போக்கு வருவாய்த் துறையிடம், உப்பளங்களில் ஒரு பகுதி மத்திய அரசின் உப்புத் துறையிடம், இன்னொரு பகுதி துறைமுகத்திடம், சாம்பல் குட்டைகள் மின்வாரியத்திடம் இருக்கின்றன. நிர்வாகமும் இரண்டாகப் பிளந்திருக்கிறது. நெட்டுக்குப்பம் சென்னை மாநகராட்சிக்குள், சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் மீஞ்சூர் ஒன்றியத்து ஊராட்சிகள், திருவள்ளூர் மாவட்டம். இரண்டு ஆட்சியர்களுக்கும் எழுத வேண்டும். உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் ஒரு நிறம் தீட்டுங்கள். எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அந்த நிறங்கள்தான் பின்னால் முடிவு செய்யும்.

## படி 4: உயிர்களையும் தொழிலையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள்

சுற்றுச்சூழல் அறிக்கைகள் பலவற்றில் பறவைப் பட்டியல் ஒரு தொகுதியிலும் "சமூகப் பொருளாதாரம்" இன்னொரு தொகுதியிலும் இருக்கும். மீனவர் இரண்டாவதில் ஒரு எண்ணாக நிற்பார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மீனின் பெயரை எழுதினால் அதற்குப் பக்கத்திலேயே எந்த ஊரார், எந்த மாதம், எந்த வலையில், எந்த இடத்தில் பிடிக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எண்ணூர்க் குப்பம், முகத்துவாரக் குப்பம், காட்டுக்குப்பம், சின்னக்குப்பம், பெரியகுப்பம் என்று கழியையும் கடலையும் நம்பியிருக்கும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. சில ஊர்கள் கழியை அதிகம் நம்புகின்றன, சில கடலை. இவர்களோடு இருளர் குடும்பங்களும் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நடந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். படகும் இல்லை, வலையும் இல்லை என்பதால் கணக்கெடுப்புகளில் இவர்கள் பெயர் விட்டுப்போவது எளிது. நிவாரணப் பட்டியலிலும் அப்படியே விட்டுப்போகிறது. மட்டி பொறுக்கும், மீன் விற்கும் பெண்களின் கதையும் இதுதான். உங்கள் பதிவேட்டில் இவர்கள் முதலில் வரட்டும்.

பறவைக்கு நல்ல காலம் ஜனவரி. அந்த மாதம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் நடக்கும், நீங்களும் சேரலாம். எண்ணியதை ஈ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் அது யாரும் சரிபார்க்கக்கூடிய சான்றாகிவிடும். கூழைக்கடா, பூநாரை, ஆலா, கொக்கு, உள்ளான் என்று இனவாரியாக எண்ணுங்கள். "நிறைய பறவைகள்" என்று எழுதினால் அரசு அலுவலகத்தில் அது எடுபடாது. ராம்சர் தலமாவதற்கான அளவுகோல்களில் ஒன்று 20,000 நீர்ப்பறவைகளைத் தொடர்ந்து தாங்குவது, இன்னொன்று ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதத்தையாவது தாங்குவது. மீன்கள் குஞ்சு பொரித்து வளரும் இடமாக இருப்பதற்கும் தனி அளவுகோல் உண்டு. எண்ணூருக்கு அதுதான் அதிகம் பொருந்தும் என்பது என் கருத்து. அதற்கான அறிவு முழுவதும் மீனவர்களிடம்தான் இருக்கிறது.

கெடுதியையும் எழுதுங்கள். 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழி முழுக்கப் பரவியது. வலையும் படகும் கூழைக்கடாவின் சிறகும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, இடம், எத்தனை நாள் தொழில் நின்றது என்ற கணக்கு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

## படி 5: எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது?

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். "ஈரநிலம்தானே, ஈரநில விதிகளில் அறிவிக்கச் சொல்வோம்" என்று நினைப்போம். ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் 2017-ல் வந்தவை. ஆக்கிரமிப்பு, குப்பை, தொழிற்சாலை எல்லாவற்றையும் தடுக்கும் நல்ல விதிகள் அவற்றில் உண்டு. ஆனால் ஆற்றுப் படுகையையும் உப்பு எடுப்பதற்கென்று அமைத்த நீர்நிலையையும் அவை ஈரநிலமாகவே கணக்கில் எடுப்பதில்லை. வனச் சட்டத்திலும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திலும் ஏற்கெனவே வரும் பகுதிக்கும் அவை பொருந்தாது. எண்ணூரைப் பாருங்கள்: நடுவில் ஆறு, ஓரத்தில் உப்பளம், ஓதம் ஏறும் இடமெல்லாம் கடற்கரை மண்டலம். விதியின் கையில் எஞ்சுவது மிகக் கொஞ்சம். இது சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை. கடலோர நகரங்களின் கழிகளுக்குத்தான் அதனால் அதிகச் சேதம்.

அப்படியானால் என்ன வழிகள்?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் ஏற்கெனவே இருக்கும் கவசம். அலையாத்தி, உயிருள்ள சேற்றுத் திட்டு, உவர் சதுப்பு, ஆமை முட்டையிடும் மணல், பறவை கூடு கட்டும் இடம் எல்லாம் முதல் வகையில் வர வேண்டும். புதிய அறிவிப்பு எதுவும் தேவையில்லை, வரைபடத்தைத் திருத்த வைத்தால் போதும். முதலில் இதைச் செய்யுங்கள். குறை ஒன்று உண்டு. துறைமுகம், மின்சாரம் போன்றவற்றுக்கு இந்த அறிவிக்கையிலேயே விலக்குகள் இருக்கின்றன.

அடுத்தது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. அதில் சரணாலயம் என்பது கனமான பூட்டு. ஆட்சியர் ஒவ்வொருவரின் உரிமையையும் விசாரித்துத் தீர்க்க வேண்டும், உள்ளே நுழைவதற்கே அனுமதி என்ற நிலை வரலாம். எட்டுத் திசையிலும் மக்கள் வாழும் ஒரு கழிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாத்தா காலத்திலிருந்து வலை வீசியவரைத் தன் ஆற்றில் இறங்க அனுமதிச் சீட்டோடு நிற்க வைக்கும் பாதுகாப்பு நமக்கு வேண்டாம்.

அதே சட்டத்தின் 36ஏ பிரிவில் பாதுகாப்புக் காப்பகம் என்ற வகை இருக்கிறது. 2002 திருத்தத்தில் சேர்ந்தது. அரசு நிலமாக இருக்க வேண்டும், உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகே அறிவிக்க வேண்டும். சரணாலயத்தை ஒட்டிய பகுதிக்கும் ஒரு காப்பிடத்தை இன்னொன்றோடு இணைக்கும் பகுதிக்கும் இது முன்னுரிமை தருகிறது. எண்ணூர்க் கழி காட்டுப்பள்ளித் தீவின் முதுகையொட்டி வடக்கே பழவேற்காடு வரை தொடரும் ஒரே நீர்த்தொகுதி. பழவேற்காடு 1980 முதல் பறவைகள் சரணாலயம். அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்புக் காப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது இதே பிரிவின் கீழ்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் மீன்பிடித் தொழில் தொடர்கிறது. எண்ணூருக்கு நான் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான். மத்திய அரசின் உப்புத் துறை நிலமோ துறைமுக நிலமோ எல்லைக்குள் வந்தால் மத்திய அரசின் முன்னிசைவு வேண்டும். படி 3-ல் தீட்டிய நிறங்கள் இங்கே பயன்படும். முதல் கட்டத்தில் மாநில அரசின் புறம்போக்கையும் ஆற்றையும் கேளுங்கள், மற்றவை இரண்டாம் கட்டம்.

சமுதாயக் காப்பகம் (36சி) தனியார் அல்லது சமுதாய நிலத்துக்கானது, எண்ணூரில் அதற்கு இடம் குறைவு. பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கவும் கேட்கலாம். மதுரை அரிட்டாபட்டி 2022-ல் அப்படி அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது மக்கள் போராட்டத்துக்கு அந்த அறிவிப்பு பெரிய பிடிமானமாக இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ராம்சர் பட்டம் பெருமை, உலகக் கவனம், ஓரளவு நிதி தரும். அது தனிச் சட்டம் கிடையாது, கடைசியில் கேட்கலாம்.

## படி 6: ஊரைக் கூட்டுங்கள், ஆனால் முடிவோடு போகாதீர்கள்

நெட்டுக்குப்பம் மாநகராட்சிக்குள் இருப்பதால் கிராம சபை கிடையாது. மாநகராட்சியின் பகுதி சபை உண்டு. ஆனால் உண்மையான பேச்சு நடக்கும் இடம் ஊர்ப் பஞ்சாயத்து. பக்கத்துக் குப்பத்துப் பஞ்சாயத்தார், இருளர் குடியிருப்பின் பெரியவர்கள், ஆற்றுக்கு வடக்கே உள்ள ஊராட்சித் தலைவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் கூட்ட முயல வேண்டாம். ஒவ்வோர் ஊராகப் போய்க் கேளுங்கள். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கூட்டம் வையுங்கள். பெண்களுக்கென்று தனிக் கூட்டம் வையுங்கள், பொதுக் கூட்டத்தில் அவர்கள் பேச இடம் கிடைக்காது.

ஊரார் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: "நாளைக்கு ஃபாரஸ்ட்காரங்க வந்து எங்களையே ஆத்துல எறங்காதேன்னு சொல்லிட்டா?" இதைவிட நியாயமான கேள்வி கிடையாது. சமாதானம் சொல்லாதீர்கள், எழுத்தில் பதில் தாருங்கள். எந்த வலை அனுமதி, எந்தப் பருவத்தில் எந்த இடத்தை விட்டுவைப்பது, படகு எங்கே கட்டுவது, குடியிருப்பு எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்ற பட்டியலை அங்கேயே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வேலைவாய்ப்புக்காகத் தொழிற்சாலைகளை நம்பியிருக்கும் இளைஞர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களின் மறுப்பையும் எழுதிக்கொள்ளுங்கள்.

## படி 7: முன்மொழிவு எழுதுவது

முன்மொழிவுக்கு நல்ல மாதிரி ஒன்று இருக்கிறது. ஈரநில விதிகளில் "சுருக்க ஆவணம்" என்ற ஒன்றை வரையறுத்திருக்கிறார்கள். அந்த விதி எண்ணூருக்கு முழுமையாகப் பொருந்தாவிட்டாலும் அதன் அமைப்பைக் கடன் வாங்குங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளோடு எல்லை வரைபடம், எல்லைக்கு வெளியே இருந்து கழியைப் பாதிக்கும் சுற்றுப்புறம், கழியின் சூழல் தன்மை, ஏற்கெனவே இருக்கும் உரிமைகளும் சலுகைகளும், அனுமதிக்க வேண்டிய செயல்கள், ஒழுங்குபடுத்த வேண்டியவை, தடுக்க வேண்டியவை. உரிமைகளை முதலில் வையுங்கள், எல்லை அதற்கு அடுத்தது.

பறவைக்காக அதிகாரி மனம் இரங்குவார் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். வெள்ளத்தைச் சொல்லுங்கள். வடசென்னையின் மழைநீரும் பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீரும் கடலுக்குப் போகும் வாசல் இந்த முகத்துவாரம்தான். 2010-ல் கொழும்பில் வெள்ளம் இலங்கை நாடாளுமன்றம் வரை புகுந்தது. அதற்குப் பிறகுதான் அந்த நகரம் தன் சதுப்புகளை வெள்ளத் தாங்கிகளாக எண்ணித் திட்டமிட்டுக் காத்தது. 2018-ல் ராம்சர் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகில் முதலில் பெற்ற 18 நகரங்களில் ஒன்றானது. மும்பையில் 2015-ல் அறிவித்த தாணே கழி பூநாரைச் சரணாலயம் ஏறத்தாழ 1,690 ஹெக்டேர், சுற்றிலும் தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலையும்தான். 2022-ல் அதுவும் ராம்சர் தலமானது. "நகரத்துக்குள் நடக்காது" என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டையும் காட்டுங்கள்.

மனுவைத் தலைமை வன உயிரினக் காப்பாளர், சுற்றுச்சூழல் துறைச் செயலர், மாநில ஈரநில ஆணையம், இரு ஆட்சியர்கள், மீன்வளத் துறை, மாநகராட்சி ஆணையர் அனைவருக்கும் ஒரே நாளில் அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு நேரில் கொடுங்கள்.

## படி 8: முதலில் நஞ்சை நிறுத்துவோம், பிறகு நடலாம்

காப்பகம் என்றதும் எல்லாரும் அலையாத்திக் கன்றோடு வந்து நிற்பார்கள். படமெடுத்துவிட்டுப் போவார்கள். எண்ணூரில் முதல் வேலை கன்று நடுவது கிடையாது. சாம்பல் குழாய் கசிந்துகொண்டிருக்கும்வரை நட்டதெல்லாம் சாம்பலுக்கடியில் போகும். 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மின்வாரியத்தின் சாம்பலால் கழிக்கு நேர்ந்த கேட்டைச் சரிசெய்யும் செலவை மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும் என்ற நெறியில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் மீனவர்கள். தீர்ப்பின் நகலை உங்கள் முன்மொழிவோடு இணையுங்கள். சீரமைப்புப் பணத்துக்கு வழி அங்கே இருக்கிறது. புதிதாக எது நடந்தாலும் தீர்ப்பாயத்தில் சீரமைப்பும் இழப்பீடும் கேட்க ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஓர் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள்.

நஞ்சுக்கு அடுத்து நீரோட்டம். முகத்துவாரத்தில் மணலை அவ்வப்போது அகற்றுவது, கழிக்குள் போட்ட மண்சாலைகளையும் கொட்டிய மண்ணையும் எடுப்பது. ஓதம் உள்ளே போய் வந்தால் அலையாத்தி பெரும்பாலும் தானே விதை விழுந்து முளைக்கும். பிச்சாவரத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பாய்ச்சியதுதான் காட்டை மீட்டது, நடவு அதற்குப் பிறகே. திறந்த சேற்றுத் திட்டில் அலையாத்தி நடவே கூடாது. அது உள்ளானின் இரைக்களம், மட்டியின் வீடு. பசுமையாகத் தெரியவில்லை என்பதற்காக அதை மூடினால், காக்க வந்தவர்களே கெடுத்தவர்களாவோம்.

இன்னொன்று காக்கா ஆழி. அமெரிக்கக் கண்டத்துக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி கப்பல்களோடு வந்து கழியின் அடிப்பரப்பில் கம்பளம்போலப் படர்ந்துவிட்டது. இறால் சேற்றுக்குள் புதைய இடமில்லை, மட்டி மூச்சடைத்துச் சாகிறது, காக்கா ஆழியின் ஓடு இறால் தடவும் கைகளைக் கிழிக்கிறது. அதை அகற்றும் வேலையை, கூலி கொடுத்து, இருளர் உள்ளிட்ட கழி மீனவர்களிடமே தர வேண்டும் என்று கேளுங்கள். எங்கே எவ்வளவு படர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

## படி 9: பார்க்க வருபவர்கள்

அறிவிப்பு வந்தால் கூட்டம் வரும். முட்டுக்காட்டின், பிச்சாவரத்தின் படகுச் சுற்றுலா நமக்குத் தெரியும். கழிக்குச் சுற்றுலா வரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், பார்த்தால்தான் பாசம் வரும். ஆனால் கரையில் சிமெண்ட் நடைபாதை, உணவரங்கம், விளக்குத் தோரணம் என்று தொடங்கினால் காப்பகம் பூங்காவாகச் சுருங்கிவிடும். படகு ஓட்டுவது குப்பத்தாரின் கூட்டுறவாக இருக்கட்டும், மோட்டார் வேண்டாம், துடுப்புப் படகு போதும். பூநாரை இரை தேடும் திட்டுகளுக்கு அருகே போகக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்பதை ஊரும் வனத்துறையும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அடையாற்றின் தொல்காப்பியப் பூங்காவில் முன்பதிவோடு மாணவர்களை அழைத்துச் செல்லும் முறை ஒரு நல்ல முன்மாதிரி. வழிகாட்டியாக வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டாம். வலை பின்னத் தெரிந்த அக்காவைவிடக் கழியை விளக்கக்கூடியவர் யார்?

## படி 10: அறிவித்த பிறகு

பாதுகாப்புக் காப்பகத்துக்கு மேலாண்மைக் குழு அமைக்கச் சட்டமே சொல்கிறது. அதில் வனத்துறைப் பிரதிநிதியும் ஊராட்சிகளின் பிரதிநிதிகளும் தொண்டு நிறுவனத்தாரும் இடம்பெறுவார்கள். நெட்டுக்குப்பத்தைப் போல மாநகராட்சிக்குள் இருக்கும் குப்பங்களுக்கு இதில் தானாக இடம் கிடைக்காது. ஆகவே அறிவிப்பாணையிலேயே ஒவ்வொரு குப்பத்தின் பெயரையும், இருளர் பிரதிநிதியையும், குறைந்தது பாதிப் பெண்களையும் குறிப்பிடும்படி கேட்டு வாங்குங்கள். குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள் தமிழில் எழுதப்பட்டு, ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டப்பட வேண்டும் என்பதையும் ஆணையில் சேருங்கள்.

படி 4-ன் பதிவேட்டை மூடாதீர்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டம் போல ஒன்று மறுபடி மேசைக்கு வரும்போது, பொது விசாரணைக்கு அறிவிப்பு வந்ததிலிருந்து சில வாரங்களே உங்கள் கையில் இருக்கும். அப்போது உட்கார்ந்து கணக்கெடுக்க நேரமிருக்காது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் பறவைகளையும், ஒவ்வொரு மாதமும் அமாவாசை ஓதத்தின்போது தண்ணீரின் எல்லையையும், ஒவ்வொரு வாரமும் நாலைந்து படகுகளின் மீன்பாட்டையும் யார் எழுதுவது என்று பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டின் ஒரு படி ஊர்ப் பஞ்சாயத்தாரிடம், இன்னொன்று பள்ளி நூலகத்தில், மூன்றாவது இணையத்தில்.